ஒரு காலுக்குப் பன்னிரண்டு கால்

(கொடிநாளையொட்டி, சூளூர்பேட்டையில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாள். 1949ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நடந்து வருகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு வருவார்கள். நாமும் பத்தோ இருபதோ போட்டுவிட்டு, காகிதக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்கிறோம். மறுநாள் சட்டை சலவைக்குப் போகிறது. கொடி குப்பைக்குப் போகிறது. அதோடு நம் கடமையும் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்த ஆண்டு அப்படி முடிக்க வேண்டாம் என்று செயற்குழுவில் பேசி முடிவு செய்தோம். கால் இழந்த படைவீரனைப் பற்றி இன்று பேசப் போகிறோம். அவன் போர்க்களத்தில் காட்டிய வீரத்தைப் பேசுவதற்குப் பலர் இருக்கிறார்கள். அவன் வீடு திரும்பிய பிறகு வருகிற முப்பது நாற்பது ஆண்டுகளைப் பேச ஆளில்லை. அதைத்தான் நாம் பேசப் போகிறோம்.

தொழிலாளர் சங்கத்துக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். பட்டாளத்துக்குப் போகிறவன் யார், தோழர்களே? மில் முதலாளியின் மகனா? வேலூர்ப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்றொரு ஊர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்று பெயர் பெற்ற ஊர். ஆந்திரத்தில் மேற்கு கோதாவரிப் பக்கம் மாதவரம் என்றொரு ஊர். மிலிட்டரி மாதவரம் என்றே அதற்குப் பெயர். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து அங்கிருந்து பிள்ளைகள் போகிறார்கள். நிலம் போதாத வீட்டுப் பிள்ளை, வேலை கிடைக்காத வீட்டுப் பிள்ளை, நம் வீட்டுப் பிள்ளை. பிழைப்புக்காக நாம் தடாவுக்கும் சூளூர்பேட்டைக்கும் வந்தது போல, அவன் ராஜஸ்தானத்து மணலுக்கும் காஷ்மீரத்துப் பனிக்கும் போனான். அவனும் நம்மைப் போல ஊர்விட்டு ஊர் போன தொழிலாளிதான்.

ஒரு படிக்கட்டில் நடந்தது

நம் சங்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தார். 1971 போரில் இடது கால் முழங்காலுக்கு மேலே போனவர். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெயரைச் சொல்லவில்லை. கூட்டம் நடந்தால் முதல் ஆளாக வந்து ஜமக்காளம் விரிப்பார். கட்டைக் காலோடு எப்படி ஐயா இத்தனை வேலை என்று கேட்டால், "கால்தானே போச்சு, கை இருக்குதில்ல" என்பார்.

2004இல், 58ஆம் வயதில், ஒரு ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்துப் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்று சான்றிதழில் எழுதினார்கள். அன்று நாமும் அப்படித்தான் நம்பினோம். காலுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று நமக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் தம் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. செயற்கைக் காலைப் பழுது பார்க்கப் போனார். தம்மைப் பார்த்துக்கொள்ளப் போகவில்லை.

இப்போது நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு சும்மா இருந்தால் அது நம் குற்றம்.

படாத காலில் படும்

பட்ட காலிலே படும் என்பது பழமொழி. கால் இழந்தவர் விஷயத்தில் படாத காலிலும் படுகிறது. இருக்கிற நல்ல கால்தான் இரண்டு காலின் பாரத்தையும் சுமக்கிறது. எழுந்திருக்கும்போதும், படியேறும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும் உடம்பு தானாகவே நல்ல காலின் பக்கம் சாய்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த முழங்கால் தேய்ந்துபோகிறது. நடை கோணுவதால் இடுப்பும் முதுகும் வலிக்கின்றன. வெட்டுண்ட பக்கத்து இடுப்பெலும்போ, பாரம் தாங்காமலிருந்தே பலம் குறைகிறது. அப்படிப்பட்டவர் கீழே விழுந்தால் சாதாரண அடிக்கே எலும்பு முறியும்.

நடப்பதற்கு ஆகும் சக்தியையும் கணக்குப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே கால் போனவருக்கு, அதே தூரம் நடக்க நம்மைவிடச் சுமார் கால் பங்கு கூடுதலாகச் சக்தி செலவாகிறது. முழங்காலுக்கு மேலே போனவருக்குப் பாதிக்கு மேல் கூடுதல். அதனால் அவர் நடப்பதைக் குறைத்துக்கொள்கிறார். நடை குறைந்தால் எடை ஏறுகிறது. எடை ஏறினால் செயற்கைக் கால் இறுக்கிப் பிடிக்கிறது. பிடித்தால் இன்னும் நடை குறைகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இந்த வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகின்றன.

இதை நாம் சொல்லவில்லை, ஆய்வு சொல்கிறது. இஸ்ரேலில் போரிலும் படைப்பணியிலும் கால் இழந்த 201 ஆண்களை 24 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 1998இல் முடிவு வெளியானது. அவர்களில் 100க்கு ஏறக்குறைய 22 பேர் அந்தக் காலத்துக்குள் இறந்திருந்தார்கள். கால் இழக்காத மற்றவர்களில் 100க்கு 12 பேர். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு இதயமும் இரத்தக் குழாயும் சம்பந்தப்பட்டது. அதற்கு முன்பே அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரில் உறுப்பிழந்தவர்களை ஆராய்ந்து, மேலே வெட்டப்பட்டவர்களுக்கும் இரண்டு காலும் இழந்தவர்களுக்கும் இதயநோய் கூடுதல் என்று கண்டார்கள்.

அந்த நாட்டு அரசு அந்த ஆய்வை அலமாரியில் வைத்துப் பூட்டவில்லை. படைப்பணியில் ஒரு காலை முழங்காலிலோ அதற்கு மேலோ இழந்த வீரனுக்கு, அல்லது இரண்டு கால்களையும் கணுக்காலிலோ அதற்கு மேலோ இழந்த வீரனுக்குப் பின்னாளில் இதயநோய் வந்தால், அது அந்தக் கால் போனதால் வந்த நோய் என்றே கொள்ளப்பட வேண்டும் என்று விதியில் எழுதிவைத்தார்கள். வீரன் நிரூபிக்க வேண்டியதில்லை. அமெரிக்க அரசைப் பாராட்டுவது நம் வேலையல்ல; ஆனால் இந்த ஒரு வரியைப் படிக்கும்போது நம் பெரியவர் சாய்ந்த படிக்கட்டுதான் நினைவுக்கு வருகிறது.

எத்தனை கால் வேண்டும்?

நாம் ரயில்வேயில் கணக்கெழுதுகிறவர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

ஒரு பையனுக்கு 22ஆம் வயதில் கால் போகிறது. 65 வயது வரை இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 43 ஆண்டுகள். செயற்கைக் கால் ஒன்று சுமார் மூன்று நான்கு ஆண்டுகள்தான் உழைக்கும். வயல் வரப்பிலும் தொழிற்சாலைத் தரையிலும் நடந்தால் இன்னும் குறைவு. ஆக, ஆயுளுக்குப் பன்னிரண்டு கால் வேண்டும். நடுவில் வார், உறை, திருகாணி மாற்றுவது தனிக் கணக்கு. நாமோ ஒருவருக்கு ஒரு கால் என்று கணக்குப் போடுகிறோம். விழா எடுத்து, மாலை போட்டு, ஒரு காலைக் கையில் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். மீதிப் பதினொரு காலுக்கு விழா கிடையாது.

செயற்கைக் கால் செருப்பு வாங்குவது போன்ற சமாச்சாரமும் அல்ல. மிச்சமிருக்கிற காலைச் செருகும் கிண்ணத்தைச் சாக்கெட் என்கிறார்கள். மிச்சக் கால் ஆண்டுக்கு ஆண்டு உருமாறும். சதை வற்றும், சிலருக்கு ஊதும். கிண்ணம் மாறாது. அப்போது உள்ளே உராய்ந்து தோல் வழற்றும், கொப்புளம் வரும், புண் ஆகும்.

இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற நம் தம்பி இதை அனுபவித்தவர். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். 2002இல் மேற்கு எல்லையில் நம் படை கண்ணிவெடி புதைத்த காலத்தில், 22 வயதில், வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. பிறகு ஸ்டோரில் உட்கார்ந்த வேலை பார்த்து, 17 ஆண்டு பணி முடித்து வந்தார். இங்கே ஒரு தொழிற்பேட்டையில் காவல் வேலை. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். கிண்ணம் தொளதொளத்துப் போனதால் பழந்துணியைத் திணித்துக்கொண்டு நின்றார். நம் ஊர்ப் புழுக்கம் உங்களுக்குத் தெரியும். உப்புக் காற்று, வியர்வை. துணியோடு தோலும் ஊறிப் புண்ணாயிற்று. வேலை போய்விடும் என்று வெளியே சொல்லவில்லை. புண் சீழ் வைத்த பிறகு ஓரிடத்தில் காட்டினார். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டால் ஒரேயடியாகத் தீர்ந்துபோகும் என்றார்களாம்.

முழங்கால் இருப்பதற்கும் இல்லாததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சற்று முன்புதான் கணக்குச் சொன்னோம். அவருடைய மனைவி நம் கவுண்டருக்கு வந்து, ஆபரேஷனுக்குப் போக ஊனமுற்றோர் சலுகை டிக்கெட் எப்படி எடுப்பது என்று கேட்டார். அந்த அம்மா டிக்கெட் கேட்க வந்ததால்தான் விஷயம் நமக்குத் தெரிந்தது. "அவசரப்படாதே அம்மா, இன்னொரு டாக்டரும் பார்க்கட்டும்" என்று சொல்லி, மறுவாழ்வுச் சிகிச்சை தெரிந்த இடத்துக்குக் கூட்டிப் போனோம். ஆறு வாரம் செயற்கைக் காலைத் தொடக்கூடாது, ஊன்றுகோல்தான் என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். புண் ஆறியது. புதிய கிண்ணம் அளவெடுத்துச் செய்தார்கள். முழங்கால் தப்பியது. அந்த ஆறு வாரச் சம்பளத்தைச் சங்கத்தார் பங்கு போட்டுக் கொடுத்தீர்கள். அது உங்களுக்கே தெரியும்.

ஒரு முழங்காலைக் காப்பாற்றியது பெரிய ஆபரேஷன் அல்ல. சரியான நேரத்தில் ஒரு கிண்ணம், ஆறு வாரச் சோறு, இரண்டும்தான்.

இல்லாத காலின் வலி

தாய்மார்களே, இதை நீங்கள் குறிப்பாகக் கேட்க வேண்டும். இரவில் அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டு, இல்லாத காலின் கட்டைவிரல் முறுக்குகிறது, பாதம் எரிகிறது என்று சொன்னால், அவருக்குப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். கால் போனாலும் அந்தக் காலுக்கென்று மூளையில் இருந்த இடம் போகவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் காயக்காரர்களைப் பார்த்த மிட்செல் என்ற மருத்துவர் 1871இலேயே இதை எழுதிவைத்தார். 1984இல் அமெரிக்க முன்னாள் வீரர்களிடம் கேட்டபோது, பதில் சொன்ன பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் இந்த வலி இருப்பதாகச் சொன்னார்கள். அதில் பலர் கால் போய்ப் பல ஆண்டுகள் ஆனவர்கள். டாக்டரிடம் சொன்னால் நம்பமாட்டார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

இந்த வலிக்கு ஒரு வழி கண்டவர் நம் தமிழர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். இராமச்சந்திரன். 1990களில் அவர் சொன்ன முறை எளியது. இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி அதை மெல்ல அசைக்க வேண்டும். போன கால் திரும்பி வந்து அசைவது போல மூளைக்குத் தோன்றுகிறது, முறுக்கம் தளர்கிறது. 2007இல் வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில், கால் இழந்த வீரர்களிடம் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். சிறிய சோதனைதான், முழுதாக முடித்தவர்கள் 18 பேர். கண்ணாடி பார்த்துப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. எல்லோருக்கும் கேட்கும் என்று நாம் சொல்லவில்லை. மாத்திரையும் உண்டு, மருத்துவர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கிற ஒரு கண்ணாடியால் கெடுதல் ஒன்றும் இல்லை.

கெடுதல் வேறொன்றில் இருக்கிறது. கேண்டீன் பாட்டில். வலிக்கு என்று ஆரம்பித்தது பழக்கமாகி, குடும்பத்தைக் குடிக்கிறது. குடிகாரன் என்று தள்ளிவைப்பது சுலபம். அவர் எந்த வலிக்குக் குடிக்கிறார் என்று ஒருவராவது கேட்டோமா? வேலை இல்லை, மதிப்பு இல்லை, மனைவியின் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது என்ற மனவேதனையும் அந்த வலியில் சேர்ந்திருக்கிறது. அதற்கும் மருத்துவம் உண்டு. மனநல மருத்துவரிடம் போவது கேவலம் அல்ல.

வேலை கொடுத்து மதித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1971 போரில் கண்ணிவெடியில் கால் இழந்த மேஜர் இயான் கார்டோசோ, தம் காலைத் தாமே குக்ரிக் கத்தியால் துண்டித்துக்கொண்டவர். பிறகு போராடி, செயற்கைக் காலோடு ஒரு காலாட்படைப் பட்டாலியனுக்கே தலைமை ஏற்று, மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். 2002இல் எல்லையில் கண்ணிவெடியில் கால் இழந்த நாகாலாந்து வீரர் ஹொகாட்டோ சேமா, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டெறிதலில் வெண்கலம் வென்றார். எல்லோரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் தம் உடம்பைப் பேண வழி கிடைக்க வேண்டும்.

எங்கே போவது?

புனேயில் இராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் 1944 முதல் இயங்கி வருகிறது. முன்னாள் வீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியது; அட்டை எடுத்தவர்கள் அதன் பாலிகிளினிக்கிலிருந்து எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். நமக்குப் பக்கத்தில் திருப்பதியில் தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை, எலும்பு மூட்டுச் சிகிச்சைக்கும் ஊனமுற்றோர் மறுவாழ்வுக்கும் என்றே ஏற்பட்டது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூரில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம், 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மருத்துவம் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியால் 1966இல் எழுந்தது.

ஜெய்ப்பூர் கால் பற்றியும் ஒரு வார்த்தை. 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முன் வந்த சீமைக் காலுக்குப் பூட்ஸ் மாட்ட வேண்டும். குந்த முடியாது, சம்மணம் போட முடியாது. ஜெய்ப்பூர் காலில் வெறுங்காலோடு வயலில் இறங்கலாம், தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். 1975 முதல் ஜெய்ப்பூரில் ஒரு அறக்கட்டளை இதை இலவசமாகவே கொடுக்கிறது. பள்ளிப்படிப்பு அதிகமில்லாத ஒரு தொழிலாளியின் கைதான் இதில் பாதி என்பதை மறக்கக்கூடாது.

ரயிலில் போக, ஊனமுற்றோருக்கான சலுகை உண்டு. துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர் என்று மருத்துவச் சான்று இருந்தால், இரண்டாம் வகுப்பிலும் தூங்கும் வகுப்பிலும் 75 சதவீதம் கழிவு. உடன் வரும் ஒருவருக்கும் அதே கழிவு. ரயில்வே தரும் படம் ஒட்டிய அடையாள அட்டையை எடுத்துவைத்துக்கொண்டால் கவுண்டரில் தகராறு இல்லை. விண்ணப்பம் நிரப்ப நம் தோழர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு மாநிலத்துக்கு நடுவில்

நம்மவர்களுக்கென்று தனியாக ஒரு கஷ்டம் இருக்கிறது. பட்டாளத்துப் பதிவு வேலூரிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும். ஆள் இங்கே இருப்பார். அங்கே போனால் "நீர் ஆந்திராவில் அல்லவா இருக்கிறீர்" என்பார்கள். இங்கே கேட்டால் "மீரு தமிழ்நாடு கதா" என்பார்கள். 2022 ஏப்ரலில் சூளூர்பேட்டையே நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. விலாசம் மாற்றாதவர்களின் காகிதம் மூன்று ஊரில் அலைகிறது.

ஆகவே ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய உத்தரவு, மருத்துவக் குழுவின் அறிக்கை, காயம் பட்டபோது எழுதிய அறிக்கை, மாற்றுத்திறனாளி அட்டை, எல்லாம் ஒரே உறையில் இருக்க வேண்டும். எதிரியின் நடவடிக்கையில் பட்ட காயம், பணியில் பட்ட காயம், பணியோடு சம்பந்தமில்லாத காயம் என்று மூன்று வகை. அந்த ஒரு வரியில்தான் ஓய்வூதியத்தின் அளவு நிற்கிறது. சேரும்போது நல்ல உடம்போடு சேர்ந்தவனுக்குப் பணியில் வந்த கோளாறு, பணியால் வந்ததாகவே கொள்ளப்பட வேண்டும். மறுப்பதானால் நிரூபிக்க வேண்டியது அரசு என்று, 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஊனத்தின் சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பாயிற்று. இவை தெரியாமல் குறைவாக வாங்குகிறவர்கள் இருக்கக்கூடும். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கிறது. காகிதம் சரியாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

நாளைய பிள்ளைகள்

இனி முக்கியமான விஷயம். 2022 முதல் நம் பிள்ளைகள் அக்னிவீரராகச் சேர்கிறார்கள். நான்கு ஆண்டுப் பணி. அப்போது அறிவித்த விதிப்படி, பணியால் ஊனமானால் ஊனத்தின் அளவைப் பார்த்து, 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75க்கு 25 லட்சம், 50க்கு 15 லட்சம் என்று ஒரே தொகை. ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் ஈ.சி.எச்.எஸ். மருத்துவமும் இல்லை என்றும் அறிவித்தார்கள்.

15 லட்சம் என்றால் நம் வீட்டில் பெரிய தொகைதான். ஆனால் நாம் போட்ட கணக்கை மறந்துவிடாதீர்கள். 21 வயதுப் பையன். பன்னிரண்டு கால். தேயப் போகிற ஒரு முழங்கால். நாற்பது ஆண்டு இரத்த அழுத்த மாத்திரை. இல்லாத காலின் வலி. அந்தத் தொகையில் அக்காள் கல்யாணம் ஒன்று, அப்பன் கடன் ஒன்று, வீட்டுக் கூரை ஒன்று. ஐந்து ஆண்டில் பணம் தீரும். கால் வளராது. ஒரே தடவையில் கொடுத்துத் தீர்க்கிற காயம் அல்ல இது. தொகை கூட்டிக் கொடுங்கள் என்பதற்கு முன், ஆயுள் முழுதும் மருத்துவமும் செயற்கைக் காலும் உரிமையாக வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி ஒரு கொடிக்குக் கீழே மட்டும் நிற்பதல்ல. கடலுக்கு அப்பால் ஈழத்தில் மூன்று பத்தாண்டு யுத்தத்தில் நம் சனங்கள் எத்தனை பேர் கால் இழந்தார்கள்! யாழ்ப்பாணத்தில் 1980களின் கடைசியிலிருந்து ஒரு ஜெய்ப்பூர் கால் நிலையம் அவர்களுக்காக உழைத்து வருகிறது. அங்கே கால் இழந்த சிங்களச் சிப்பாய்க்கும், கால் இழந்த தமிழ்ப் போராளிக்கும், தோட்டத்துக்குப் போய் வெடியை மிதித்த தாய்க்கும் முழங்கால் ஒரே மாதிரிதான் தேய்கிறது. வித்தியாசம் மருத்துவத்தில் இல்லை. யாருக்கு யார் பொறுப்பு என்பதில் இருக்கிறது. நம் தண்டவாளத்தில் கால் போன காண்ட்ராக்ட் தொழிலாளியையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். சிப்பாய்க்கு நாம் வென்று கொடுக்கிற ஒவ்வொரு உரிமையும் நாளை இவனுக்கு நாம் கேட்கப் போகிற உரிமைக்கு முன்மாதிரி.

நாம் செய்யப் போவது

பேசிக் கலைவதற்காகக் கூடவில்லை. செயற்குழு எடுத்த முடிவுகள் இவை.

முதலாவது, நம் சங்கக் குடும்பங்களில் கால் இழந்தவர் யாராயிருந்தாலும், படைவீரரோ தொழிலாளியோ, ஒரு நோட்டில் பதிவு செய்வோம். ஆண்டுக்கு ஒருமுறை, கொடிநாள் வாரத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, நல்ல கால், மிச்சக் கால், கிண்ணம் ஆகிய ஆறையும் பார்க்க ஏற்பாடு செய்வோம்.

இரண்டாவது, ஆஸ்பத்திரிக்குப் போகிறவரோடு தெலுங்கும் தமிழும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் போவார். தனியாகப் போகிறவரிடம் "வயதானால் இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கூட ஆள் இருந்தால், முழங்காலும் முதுகும் இதயமும் அந்தக் காலோடு சேர்த்து எழுதப்பட வேண்டும் என்று கேட்கலாம்.

மூன்றாவது, வீட்டில் செய்ய வேண்டியதை அச்சடித்து வீடுதோறும் கொடுப்போம். இப்போதே சொல்லிவிடுகிறோம். மிச்சக் காலை இரவில் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக ஈரம் துடைக்க வேண்டும். காலையில் கழுவி ஈரத்தோடு மாட்டினால் தோல் உரியும். கிண்ணத்தையும் உள்ளே துடைக்க வேண்டும். உறையைத் தினமும் மாற்ற வேண்டும்; வெயில் காலத்தில் இரண்டு தடவை. அடிப்பக்கத்தைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அன்று காலை மாட்டாமல் இருந்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கக் கூடாது. கால் மடங்கியே நின்றுவிடும். தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வேண்டும். இரவில் தூக்கக் கலக்கத்தில், கால் இருக்கிற நினைப்பிலேயே எழுந்து விழுகிறவர்கள் அதிகம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஊன்றுகோலும் ஒரு சிறு விளக்கும், கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடியும் இருக்கட்டும். இதற்கெல்லாம் சர்க்கார் உத்தரவு வேண்டாம்.

நான்காவது, அக்னிவீரர் உட்பட, பணியில் உறுப்பிழந்த எல்லோருக்கும் ஆயுள் முழுதும் மருத்துவம் என்ற கோரிக்கையில் கையெழுத்து வாங்கி, இரு மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புவோம். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

நம் பெரியவருக்கு யாராவது ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்திருந்தால், அவர் இன்னும் சில வருஷமாவது இந்தக் கூட்டங்களுக்கு ஜமக்காளம் விரித்திருப்பாரோ என்னவோ. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். முன்வரிசையில் இருக்கிற தம்பிக்கு 65 வயது ஆகிற வரை இந்தச் சங்கம் ஆண்டுதோறும் கேட்கும்: தம்பி, கிண்ணம் சரியாக இருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? இரவில் தூங்குகிறாயா?

கொடியைக் குத்திக்கொள்ளுங்கள். அதோடு இந்த மூன்று கேள்வியையும் வைத்துக்கொள்ளுங்கள்.